எழுத்துப் பலகையில் ஒரு பச்சைப் புள்ளி

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய சின்னப் பொட்டலம் நசுங்காமல் நனையாமல் வந்து சேர்ந்தது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தையல் மிஷினுக்கே திரும்பிப் போய்விட்டேன். போனில் பேசலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் அழுகைதான் வரும், பேச்சு வராது. பேச முடியாதவர் ஒருவர் இந்த வீட்டில் இருப்பது போதும்.

அனுப்பியவர் இடத்தில் உங்கள் பெயரைப் பார்த்ததும் என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. லேசரைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இணையத்தில் கூடும் குழு ஒன்றில் அவன்தான் கேட்டிருந்தான். "எங்க மாமாவுக்குக் கழுத்து மட்டும்தான் அசையுது. தலையில மாட்டுற மாதிரி, நிலையா எரியுற பச்சை வெளிச்சம் வேணும். அவரே ஒரு காலத்துல பச்சை லேசருக்காகப் படிகம் வளர்த்தவர்" என்று எழுதியிருந்தானாம். ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம். புனைபெயரில் இருந்த ஒருவர் மட்டும் யோசனை எதுவும் சொல்லாமல் விலாசத்தை வாங்கிக்கொண்டாராம். அது நீங்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் இங்கிருந்து போனபோது என் கணவருடைய விரல்கள் மட்டும்தான் சொன்னபடி கேட்காமல் இருந்தன. அதன் பிறகு கை, கால், கடைசியாக நாக்கு. புத்தியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ஆமாம் என்றால் ஒரு முறை கண்ணை மூடுவார், இல்லை என்றால் இரண்டு முறை. நான் கேட்டால்தான் அவர் பதில் சொல்ல முடியும். எனக்குக் கேட்கத் தோன்றாததை அவர் யாரிடம் சொல்வார்? தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, திரும்பிப் படுக்கிறீர்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டே நாட்கள் போயின.

தம்பி சும்மா இருக்கவில்லை. ப்ரொஜெக்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான் அல்லவா? தலையை அசைத்து, பலகையில் எழுதிய எழுத்துகளைப் புள்ளியால் காட்டி அவர் பேசட்டும் என்று, முதலில் ஒரு சிவப்பு லேசரை மூக்குக் கண்ணாடியில் கட்டிப் பார்த்தான். அவர் கட்டில் ஜன்னல் பக்கம். பகல் வெளிச்சத்தில் அந்தப் புள்ளி கண்ணுக்கே படவில்லை. வெளிச்சத்தைக் கூட்டி வை என்றேன். "குழந்தை நடமாடுற வீடுக்கா, முடியாது" என்று மறுத்துவிட்டான். பிறகு பழைய பச்சை லேசர் ஒன்றைக் கொண்டுவந்தான். அது குளிர்ந்த காலையில் எரியவே எரியாது, சூடேறியதும் திடீரென்று பளீரென்று அடிக்கும். "இது பிறக்கும்போதே பச்சை இல்லக்கா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் படிகத்துக்குள்ள விட்டுப் பச்சையா மாத்துறாங்க. மாறாத மிச்சமும் சேர்ந்து வெளிய வந்தா கண்ணுக்கு ஆபத்து" என்று சொல்லி, அவனே கழற்றி எடுத்துப் போய்விட்டான். அதன் கனத்தை அவர் கழுத்தும் தாங்கவில்லை.

உங்களுடையதைக் கையில் எடுத்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் அண்ணா. நீங்கள் அனுப்பிய லேசர் மூன்று கால் முளைத்த மிளகு போல் இருந்தது. "இதுல நடுவுல மாத்துற வேலையே இல்லக்கா. கரண்ட்டு குடுத்தா நேரா பச்சை!" என்று குதித்தான்.

நீங்களும் அவரும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை செய்த பழைய நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவர் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கும் நீலத்துலேயே நின்னுடுச்சு" என்பார். நீல நூலோடு மஞ்சள் நூலைச் சேர்த்துத் தைத்துப் பாருங்களேன் என்று கிண்டல் செய்வேன். ஒருநாள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நீலம் பச்சையாக மாற வேண்டுமென்றால் ஓர் உலோகத்தை இன்னும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், சேர்த்தால் அந்த மெல்லிய அடுக்கு அடியில் இருக்கும் படிகத்தோடு, நீங்கள் அடிக்கல் என்பீர்களே அதோடு, அளவு பொருந்தாமல் கெட்டுப்போகிறது என்றார். பொருந்தாத உள்துணியை இழுத்து வைத்துத் தைத்தால் மேல்துணி சுருங்குமே, அதுதானே என்றேன். "அதேதான்! நெட்டைகிட்ட சொல்றேன், நாளையிலிருந்து நீயும் வேலைக்கு வந்துடு" என்றார். நெட்டை என்று உங்களைச் சொல்ல அவர் ஒருவர்தான் உண்டு.

ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். பொட்டலத்தில் நீங்கள் வைத்திருந்த இரண்டு லேசரில் ஒன்று போய்விட்டது. தம்பி மேசையில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். நான் நைலான் துணிக் குவியலைத் தூக்கிக்கொண்டு வந்து, இதுவா அது என்று தொட்டேன். விரலில் சுருக்கென்றது. துணி உரசி என் உடம்பில் ஏறியிருந்த மின்சாரம் அதில் பாய்ந்துவிட்டதாம்; அவ்வளவுதான், அது பிறகு எரியவே இல்லை. தம்பி என்னைத் திட்டவில்லை. கும்பிடு போட்டு அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டான். இப்படி யாராவது தொட்டுவிடுவார்கள் என்று தெரிந்துதான் இரண்டு வைத்தீர்களா? எப்படியோ, அந்த முன்யோசனைக்கும் சேர்த்து நன்றி.

மிஞ்சியதைக் கண்ணாடிச் சட்டத்தின் காதோரத்தில் பொருத்தி, புள்ளி தெரிந்தால் போதும் என்ற அளவுக்கு மங்கலாக வைத்தான். நெற்றியைச் சுற்றிப் பஞ்சு வைத்த பட்டை நான் தைத்தேன். மாட்டிவிட்டதும் அவர் எழுத்துப் பலகையின் பக்கமே வரவில்லை. சுவரில் ஒரு வட்டம் போட்டார். அலமாரி, கடிகாரம், மிஷினின் சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். எங்கள் முகம் வந்தால் மட்டும் புள்ளி தரைக்கு இறங்கிவிடும். கையால் தொட முடியாமல் போன வீட்டை அவர் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார் என்று எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது.

பிறகு பலகையைப் பிடித்தேன். முதலில் எல்லா எழுத்துகளையும் எழுதி வைத்திருந்தேன். "இது பலகையாக்கா, பாயா?" என்றான் தம்பி. ஏழாவது படிக்கும் எங்கள் மகள்தான், உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் போதும், சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்றாள். புள்ளி மெதுவாக நகர்ந்தது. மகள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா அண்ணா?

"காது அரிக்குது."

எவ்வளவு காலமாக அரித்ததோ! எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லையே. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அழுதுகொண்டே சொறிந்துவிட்டேன்.

அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சுத்தான். சோம்பல் பட்டு உயிரெழுத்தை விட்டுவிடுவார். ஒருநாள் ப், ல் என்று காட்டினார். ஓடிப்போய்ப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தேன். அவர் சொன்னது பல்! பல் வலிக்கு நான் சூடான பாலை நீட்டியிருக்கிறேன். அதற்கு அவர் காட்டிய அடுத்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதையே நிறுத்தியிருந்த மகள் இப்போது தினமும் கூட்டி வருகிறாள். அவர்களுடைய கணக்குப் பாடத்தில் தப்பு எங்கே என்று அப்பா புள்ளி வைத்துக் காட்டுகிறார். தம்பிக்குத்தான் ஏக்கம். இன்னொன்று இருந்தால் தன் ப்ரொஜெக்டரில் வைத்துப் பார்ப்பேன் என்கிறான். அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கென்று அவர் சொன்னதைத் தனியாக எழுதுகிறேன். ஒரு பகல் முழுவதும் விட்டுவிட்டுக் காட்டினார். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று என்னிடம் கண்டிப்பு வேறு.

"டேய் நெட்டை. அடிக்கல்லை வேற கோணத்துல அறுக்கணும்னு நீ சொன்ன. நான் கத்தினேன். நீ சொன்னதுதான் சரி. பச்சை ரொம்ப நல்லா இருக்கு. நம்ம பச்சை."

கடைசி இரண்டு வார்த்தைகளை நாங்கள் சரியாகப் படித்தோமா என்று இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நீங்கள் இருவரும் எதற்காகப் பேச்சை நிறுத்தினீர்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரு கல்லை அறுக்கும் கோணத்துக்காகவா அண்ணா? ஆண்பிள்ளைகளை என்ன சொல்வது!

நீங்கள் அனுப்பியது ப்ரொஜெக்டருக்கென்று செய்தது என்று தம்பி சொன்னான். சுவர் நிறையப் படம் காட்ட வேண்டியது எங்கள் வீட்டில் ஒரு மனிதருக்கு வாயாகிவிட்டது. உங்களுக்கும் உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது. உங்கள் கை நன்றாக இருக்க வேண்டும்.

அவருடைய உடம்பு முன்போலத்தான். இப்போதெல்லாம் கழுத்து சீக்கிரம் களைத்துப் போகிறது. வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. மருத்துவர் முன்பு ஒவ்வொரு தடவையும் அடுத்து எப்போது வர வேண்டும் என்று தேதி சொல்வார். இப்போது தேதி சொல்வதில்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், நானே வருகிறேன் என்கிறார். நல்ல மனிதர்.

விடுமுறை வரட்டும், வேலை முடியட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம் அண்ணா. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், அவர் திட்ட வேண்டியதைத் திட்டட்டும். எவ்வளவு நேரமானாலும் பலகையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

என்றும் நன்றி மறவாத
உங்கள் தங்கை