கம்பி கட்டிய வால்வு

ஏப்ரல் 9, புதன்

வாப்பா டைரி, சௌக்கியமா? உரக்கடைக்காரர் உன்னை இனாமாகக் கொடுத்தது ஜனவரியில். சங்கராந்திக்குப் பிறகு நான் உன்னைத் திறக்கவே இல்லை. கோபமாக இருந்தால் இரு, நியாயம்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், என் எழுத்து மாட்டுவண்டி வேகத்தில்தான் போகும். ஆனால் டீக்கடையில் என் கதையைக் கேட்க இப்போது ஆளில்லை, எல்லாரும் போனைப் பார்க்கிறார்கள். நீயாவது பாதியில் எழுந்து போகமாட்டாய்.

சேதி இதுதான். ஊருக்கு இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எட்டு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு மணி நேரம். எப்போது வரும் என்று திறந்துவிடுகிறவனுக்கே தெரியாது. அதனால் குழாயைத் திறந்தே வைத்து, அடியில் காலிக் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். குடத்தில் விழும் சத்தம்தான் எங்களுக்கு மணி. நேற்றுக் காலை சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்கள். தெருவில் ஒரு வீட்டிலும் குழாய் மூடியில்லை, பாதிப் பேர் சந்தைக்குப் போயிருந்தார்கள். தபால்கார சங்கண்ணா வீட்டுப் பூனை ரொட்டி தட்டும் பலகையில் உட்கார்ந்து வாசல் வரை மிதந்து வந்ததாம். நான் பார்க்கவில்லை. நாளைக்கு டீக்கடையில் பார்த்ததாகத்தான் சொல்வேன்.

ஏப்ரல் 12, சனி

எப்போதும் தண்ணீர் வருகிறது. ஆனாலும் என் மனைவி நீலவ்வா இன்றைக்குப் பதினாலு குடத்தையும் கவிழ்த்து, பழைய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் பிடித்தாள்.

“இனிமே எப்பவும் வரும்டி,” என்றேன்.

“அப்படிச் சொல்றவங்கதான் இத்தனை வருஷம் எட்டு நாளைக்கு ஒருக்கா விட்டாங்க,” என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

வால்வு சொட்டுகிறது. அப்பா காலத்துப் பித்தளை வால்வு. எங்கள் முற்றத்தில், எங்களுக்கும் அண்ணன் நிங்கப்பாவுக்கும் நடுவே இருக்கிற மண்சுவரின் அடியில், ஒரு சின்ன மாடத்துக்குள் இருக்கிறது. தெருவிலிருந்து வரும் குழாய் முதலில் எங்கள் பக்கம் ஒரு கிளை விட்டு, பிறகு அந்த வால்வு வழியாகச் சுவருக்குள் புகுந்து அண்ணன் வீட்டுக்குப் போகிறது. வீட்டைப் பாகம் பிரித்தபோது குழாயைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

திருகு சக்கரத்தின் கழுத்தில் கசிவு. நீலவ்வா அடியில் ஒரு சொம்பை வைத்தாள். ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

“குழாயைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். இதைப் போய் நிறுத்தணும்ங்கிற,” என்றாள்.

அதுவும் சரிதான். எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் அதைக் கோளாறு என்று யார் சொன்னார்கள்?

ஏப்ரல் 19, சனி

சொம்பு போய்க் குடம் வந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

முற்றத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். கை சும்மா சுவரில் பட்டது. விரல் உள்ளே போயிற்று. ரொட்டி மாவில் போவது மாதிரி.

முழங்கால் உயரம் வரை ஈரம். குடத்தில் விழுந்தது கொஞ்சம்தான். மீதி எல்லாம் குழாயைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் போயிருக்கிறது. நாங்கள் பத்து நாளாகக் குடம் நிறைவதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பக்கம் அண்ணன் கட்டில். போன மழைக்கு வரப்பில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். சுவரை ஒட்டித்தான் படுத்திருக்கிறான். அவன் இருமுவது எனக்குக் கேட்கும். சுவர் மேல்தான் உத்தரம் நிற்கிறது. சுவர் சாய்ந்தால் யார் மேல் விழும்?

ஏப்ரல் 28, திங்கள்

குழாய் வேலை பார்க்கும் தாவல்சாபைக் கூட்டி வந்தேன். நல்ல வேலைக்காரன், வாய்தான் நிற்காது. மாடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்ன பெரியவரே, வால்வுக்குத் தாலி கட்டியிருக்கீங்க?”

திருகு சக்கரத்தைக் குழாயோடு சேர்த்து நான் கம்பியால் ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். துருப்பிடித்த கம்பி.

“எலி வந்து திருகிடும்னு,” என்றேன்.

“உங்க வீட்டு எலிக்குக் கையிருக்கா?”

தாவல்சாப் கழுத்து மறையை ஸ்பானரால் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்தான். டக்கென்று ஒரு சத்தம், மறை விரிந்துவிட்டது. சொட்டியது இப்போது பீச்சியது. துணி சுற்றி, மேலே சைக்கிள் டியூப் சுற்றி அடக்கினான்.

“இது கழுத்து போயிருச்சு. வால்வையே மாத்தணும். வாசல்ல மீட்டர் பக்கத்துல மூடினா ஒரு மணி நேர வேலை. இப்பவே மூடிடட்டா?”

“அங்க மூடினா அந்த வீட்டுக்கும் வராதே.”

“அவங்ககிட்ட குடம் குடமா இருக்கும். நின்னதே தெரியாது.”

“வேண்டாம். கேட்டுட்டுத்தான் மூடணும்.”

“கேளுங்க. இங்கதானே, சுவத்துக்கு அந்தப் பக்கம்.”

“வியாழக்கிழமை வா,” என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்தான். “வியாழனைத் தாண்டிப் போகாதீங்க,” என்றான். அதைச் சிரிக்காமல் சொன்னான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

உன்னிடம் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பாகப் பிரிவினையில் ஒரு எருமைக்காகச் சண்டை. நல்ல எருமை, ஒற்றைக் கொம்பு வளைந்திருக்கும், சந்தையில் ஒரு தடவை தாசில்தாரின் வேட்டியையே... சரி, எருமைக் கதை இப்போது வேண்டாம். எருமை அண்ணனுக்குப் போயிற்று. அடுத்த வருஷமே செத்தது. அது சாகிறதுக்கு முன்னால் நடந்தது இது.

அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். விருந்தாளிகள் வரும் அன்றைக்குத்தான் தண்ணீர் முறையும். நான் குனிந்து வால்வை மூடினேன். அவ்வளவுதான். இரண்டு கைத் திருகல். எங்கள் பக்கம் வந்தது, அவன் பக்கம் வரவில்லை. அடுத்த முறைக்கு எட்டு நாள். மதினி சென்னவ்வா, பட்டுப்புடவையோடு, சம்பந்தி வீட்டார் பார்க்க, ஏரியிலிருந்து தலையில் குடம் சுமந்தாள்.

அண்ணன் சண்டைக்கு வரவில்லை. சுவரில் ஒரு ஓட்டை இருந்தது, பெண்கள் மோர் கொடுத்து வாங்க. மறுநாள் அதை மண் வைத்து அடைத்தான். அந்தச் சத்தம்தான் நான் கேட்டது.

அன்றைக்கே வால்வைத் திறந்து கம்பி கட்டினேன். இனி என் கை இதில் படாது என்று. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. கம்பி கட்டினேனே தவிர, போய் ஒரு வார்த்தை சொன்னேனா? கம்பி கட்டுவது சுலபம், அதனால் கட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

பசவ ஜயந்தி, நல்ல நாள் என்று போனேன். வாசலில் அண்ணனுடைய செருப்பு இருந்தது. நடக்க முடியாதவனுடைய செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி போனேன். நாய் பார்த்தது. திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கம் பொத்தென்று என்னவோ விழுந்தது. மண் கட்டி. பிறகு இருமல். இருமலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மே 1, வியாழன்

போனேன். மதினி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“வழி தவறிட்டியா?”

“அண்ணன் எப்படி இருக்கான் மதினி?”

“சுவத்துக்கு அந்தாண்டதானே இருக்க. இருமல் கேக்கலையா?”

“கேக்குது. வால்வு போயிருச்சு. சுவரெல்லாம் ஈரம். மாத்தணும். ஒரு மணி நேரம் தண்ணி நிறுத்தணும். நிறுத்தட்டுமா?”

முறம் நின்றது.

“அன்னைக்குக் கேட்டியா, பக்கீரப்பா?”

“கேக்கல.”

“ஏழு நடை நடந்தேன்.”

“தெரியும். எண்ணுனேன். மாட்டுக்கொட்டகை இடுக்குல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நாலாவது நடையில திறந்துடலாம்னு நெனச்சேன். திறக்கல. தப்புதான் மதினி.”

அவள் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், இல்லை, திட்டுவாள் என்று. இரண்டும் இல்லை. உள்ளேயிருந்து அண்ணன் குரல்.

“யாரு அது?”

“உன் தம்பி. தண்ணி நிறுத்த வந்திருக்கான்.”

“அதுக்கு எதுக்கு இங்க வந்தான்? அவனுக்குத்தான் நிறுத்தத் தெரியுமே.”

“கேக்க வந்திருக்கான்.”

சோளத்தில் ஒரு குருவி வந்து கொத்தியது, மதினி அதை விரட்டவில்லை.

“கேக்குறானா?”

“ஆமா.”

“கொடமெல்லாம் ரொம்பட்டும். அப்புறம் நிறுத்தச் சொல்லு.”

முதலில் இருந்த தண்ணீரை எல்லாம் மதினி செடிக்குக் கொட்டினாள். பிறகு இருபத்தொரு குடம், இரண்டு அண்டா, ஒரு வெந்நீர்த் தவலை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. தாவல்சாப் மீட்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு நொந்துகொண்டான்.

“ஒரு மணி நேரத்துக்கு இத்தனை குடமா? ஹஜ்ஜுக்குப் போறவன்கூட இவ்வளவு தயார் பண்ணமாட்டான்.”

வாசலில் மூடியதும் மாடத்துக்கு வந்தான். கம்பியை வெட்டட்டுமா என்று கேட்டான். நானே வெட்டினேன். சக்கரத்தை அவன் திருகிப் பார்த்தபோது அது அசையவே இல்லை. இத்தனை வருஷத்தில் திறந்தபடியே இறுகிப்போயிருந்தது. நான் நினைத்திருந்தாலும் மூடியிருக்க முடியாது. கம்பியே தேவைப்படவில்லை.

மே 2, வெள்ளி

புது வால்வுக்குச் சக்கரம் இல்லை, சிவப்புக் கைப்பிடி. ஒரு நட்டைக் கழற்றினால் கைப்பிடி தனியாக வந்துவிடும். கழற்றி எடுத்துக்கொண்டு போய் மதினியிடம் கொடுத்தேன். உங்கள் தண்ணீர், உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

“இதை வெச்சு நான் என்ன பண்ண? ரொட்டி புரட்டவா?” என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள். அடுப்படி ஆணியில் மாட்டினாள். வாசலிலிருந்தே தெரிந்தது.

மே 16, வெள்ளி

சுவர் காய்கிறது. ஈரக்கோடு கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் சாணி மண் பூச வேண்டும். அவர்கள் பக்கம் பூச யார் இருக்கிறார்கள்?

மே 17, சனி

பூசினேன். அண்ணன் கட்டிலில் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் படுத்திருந்தான், நான் வேலை முடிக்கும்வரை. நான் ஏணியிலிருந்து இறங்கும்போது மட்டும், “மூலைல விட்டுட்ட,” என்றான். திரும்பிப் பார்க்காமலே எப்படித் தெரிந்தது? ஆனால் விட்டிருந்தேன்.

ஜூன் 11, புதன்

கார் பௌர்ணமி, மாடுகளுக்கான பண்டிகை. தெருவெல்லாம் மாட்டுக் கொம்புக்கு வண்ணம். எங்கள் வீட்டில் மாடு இல்லை, ஆனாலும் நீலவ்வா போளி தட்டினாள். பண்டிகை நாளில்தான் குளியலறைக் குழாயிலிருந்து ஒழுகல், அவர்கள் பக்கத்துக் குளியலறை. மதினி வந்து சொல்லிவிட்டுப் போனாள், நாளைக்குத் தாவல்சாபைக் கூப்பிட வேண்டும். எட்டுப் போளி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு தடவை, அந்த எருமை இருந்த காலத்தில், இதே பண்டிகைக்கு அண்ணனும் நானும் அதன் வளைந்த கொம்புக்கு மட்டும் பச்சை வண்ணம் அடித்து, அதை ஊர்வலத்தில் காளைகளுக்கு நடுவே விட்டு, தாசில்தார் அங்கே நின்றுகொண்டிருந்தார் பார், அவருடைய வேட்டி

சுவரில் தட்டுகிற சத்தம். எலி இல்லை.

“பக்யா. ஏ பக்யா. கைப்பிடியை வந்து எடுத்துட்டுப் போய் மூடுடா, இங்க வீடெல்லாம் தண்ணி.”

பக்யா என்று என்னைக் கூப்பிட அந்த ஒரு ஆள்தான் இருக்கிறான். போய் மூடிவிட்டு வந்து, தாசில்தார் வேட்டியை எருமை என்ன செய்தது என்று எழுதுகிறேன்.