சொல்லாமல் போனது

அன்பு மகன் விஜேந்திரனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் கதிர்காமத்தான் துணையில் நலமாக இருக்கிறோம், கத்தார் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ நல்லா இருக்கேன் என்பாய், நான் சாப்பிட்டியா என்பேன், வேலை இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், அதற்குள் எதைச் சொல்வது? லுணுகலையில் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானாவின் மகன் றிஸாத் வியாழக்கிழமை அங்கே திரும்பிப் போகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் மிளகாய்த்தூளையும் கொடுத்து விடுகிறேன். தூளை ஈரம் படாமல் போத்தலில் போட்டு வை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மூன்று வாரமாக விடாத மழை, நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தோட்டத்து ஆபீசில் இருந்து வந்து பார்த்தார்கள், பார்த்ததோடு சரி.

அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் நான் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேனே, இப்போது எங்களையெல்லாம் பதுளைக்குக் கூப்பிட்டு ஆறு சனிக்கிழமை வகுப்பு வைக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளின் மனசைப் பற்றி. எனக்குச் சிரிப்பாக இருந்தது. எத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள், இந்த வயதில் கொப்பியும் பேனாவுமாக உட்கார வேண்டுமா என்றேன், மத்தியானச் சோறு குடுப்பாங்கதானே, போயிட்டு வாயேன் என்றார் அப்பா. படிப்பிக்கும் டொக்டர் விஜிதா யாழ்ப்பாணத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும். முதல் நாளே, உங்களிடம் நன்றாகப் பழகிவிட்ட ஒரு பிள்ளையைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நான் சுபாஜினியின் மகள் டிலானியைப் பற்றி எழுதினேன். இரண்டரை வயது. சுபாஜினி ஆவணியில் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். அன்றைக்கு நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் கோழியைக் காட்டினேன், அவள் பின்வாசலால் இறங்கி வேனில் ஏறிவிட்டாள். பயணம் போகிற நேரம் பிள்ளை அழுதால் போன காரியம் விளங்காது என்பது நம் ஆட்கள் சொல்வதுதானே. காலையில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஓடும் அம்மாமாரையும் நான் அப்படித்தான் அனுப்புவேன், அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அம்மா எங்கே என்று கேட்டால் கடைக்குப் போயிருக்கு என்போம். டிலானி ஒரு வாரம் தேடினாள், பிறகு சத்தமில்லை. வைத்த இடத்தில் இருப்பாள், யார் தூக்கினாலும் போவாள், விழுந்தால்கூட அழ மாட்டாள். தங்கமான பிள்ளை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டொக்டர் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். வடிவாக் கவனிச்சு எழுதியிருக்கிறியள் அம்மா, ஆனா இந்தப் பிள்ளை பழகேல்லை, கூப்பிட்டும் தாய் வரேல்லை எண்டு மனசு விட்டிட்டுது என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் திட்டினேன். பசறை தாண்டியதும் உன் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு திட்ட வாய் வரவில்லை.

திங்கட்கிழமை பின்வாசலைப் பூட்டினேன். முன்வாசலில் நின்று போயிட்டு வாறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு அழுகை, அம்மாமார் பெரட்டுக்குப் பிந்தினார்கள், கங்காணி வந்து, இது பிள்ளைக்காம்பராவா செத்த வீடாங்க என்று கத்தினார். டிலானியை மடியில் வைத்துக்கொண்டு சுபாஜினிக்கு போன் போட்டேன். அம்மா கடைக்குப் போகலடி, தூரத்துல வேலைக்கு வந்திருக்கேன், சொல்லாம வந்தது தப்பு என்று அவள் அழுதாள். பிள்ளை போனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னேரம் திடீரென்று வீறிட்டுக் கத்தி என் கையைக் கடித்தாள், பல் பதிந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. சும்மா இருந்த பிள்ளையைக் கெடுத்துட்டீங்களே என்று அவள் அப்பா சண்டைக்கு வந்தான். டொக்டரிடம் கேட்டால், கேக்க ஆள் இருக்கெண்டு நம்பினாத்தான் பிள்ளை அழும் என்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. செய்தது புண்ணியமா பாவமா என்று தெரியாமல் தினமும் அந்தப் பிள்ளையைத் தூக்குகிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு இப்போதுதான் வருகிறேன். உனக்கு மூன்று வயதில் நான் லெபனான் போனேன். கருப்பம்மா அத்தை உனக்குக் கொழுந்து லொறி காட்டத் தூக்கிப் போனாள், நான் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் இறங்கி ஓடினேன். நீ லொறியைப் பார்த்துச் சிரித்த சத்தம் கேட்டது. நான்கு வருடம் கழித்து வந்தபோது நீ அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த ஆன்ட்டி எப்ப போவாங்க என்று கேட்டாய். ஏழு வயதுப் பிள்ளையிடம் நான் பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. பெற்றவளைத் தேடாத கல்நெஞ்சுக்காரன் என்று உறவுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன், உன் காதுபடவும் சொன்னேன். அதன் பிறகு கை முறிந்தபோதுகூட நீ அழவில்லை, அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் அத்தையிடம் கேட்டேன். இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னாள். நான் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னதை நம்பி, நீ ஒவ்வொரு பின்னேரமும் அவளை இழுத்துக்கொண்டு கடைப் பாதையில் போய் நின்றாயாம். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் அத்தையே போகலாம் வா என்று கூப்பிட்டும் நீ வரவில்லையாம்.

நீ தேடாதவன் இல்லை மகனே. நான்தான் உன்னிடம் சொல்லப் பயந்து ஓடினவள். பிழை என்னுடையது, உன்னிடம் ஒரு பிழையும் இல்லை. இதை உன் ஏழு வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் முருகன் உன் கூடவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன், மறக்காதே. நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே. இத்தனை வருடக் கோபத்தையும் கத்திச் சொல், என்னைத் திட்டு. நான் போனை வைக்க மாட்டேன்.

உன்னைப் பெற்ற
விஜயலெட்சுமி