சுண்ணாம்பு படாத எழுத்து

மாப்ள, எழுத்து கோணலும் மாணலுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். கிழவயதில் ராத்திரிப் பள்ளிக்கூடம் போய்ப் பழகிய கை. 'மாப்ள' என்று முதன்முதலாக என் கையாலேயே எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு கரைக்கிறார்கள். அந்த வாடையில் உன் சுவர் கண்முன் வந்து நிற்கிறது.

நகரசபை ஆட்கள் நம் ஆற்றங்கரைச் சந்தில் வீட்டுக்கு வீடு தாரில் எழுதிப்போனார்கள். குழாய் வருவதற்கு அடையாளம் என்று, படிக்கத் தெரியாத நம் சந்தே நம்பியது. நீ வெள்ளையடித்தபோது அந்த எழுத்தைச் சுற்றி எவ்வளவு பதனமாகச் சுண்ணாம்பு மட்டையை ஓட்டினாய்!

"மச்சான், ஒரு சொட்டு பட்டாலும் உனக்குக் குழாய் கெடையாது, பாத்துக்க" என்று எனக்கும் மிரட்டல்.

"இன்னும் செத்த நேரத்துல அதுக்கு மாலை போட்டுருவீக" என்றாள் தங்கச்சி, உன் பெண்டாட்டி.

எழுதினவன் திரும்பி வந்தபோது மோர் கொடுத்து, "கொழாய் எப்பங்கய்யா வரும்?" என்று கேட்டாய். குடித்துவிட்டு, "வரும், வரும்" என்றான். படித்தவன், மாப்ள! உண்மையைச் சொல்ல அந்த வாய்க்கு என்ன கேடு?

கடப்பாரையோடு வந்தவர்கள் தேடவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளைச் சுவரில் அம்புட்டும் பளிச்சென்று தெரிந்தது. மோட்டார் போக ரோடு அகலமானது. நம்மைப் பரவை போகிற வழியில் ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள். அங்கே உன் ஜட்காவுக்குச் சவாரி ஏது? குதிரையை விற்றாய். காய்ச்சலில் நீ தண்ணீர் கேட்டபோது, தங்கச்சி குடத்தோடு கண்மாய்க்குப் போயிருந்தாள். அவள் திரும்பும்வரை நீ தாங்கவில்லை. ஊரை அழகாக்கிவிட்டோம் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

நேற்று இந்தத் தெருவிலும் சுவருக்குச் சுவர் தாரில் எழுதிப் போயிருக்கிறார்கள். "கரண்டு விளக்கு வருதாம், பெரியப்பா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. கிட்டப் போனேன். உன் சுவரில் இருந்த அதே வடிவம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'இடிக்க.' தெருவே கேட்க உரக்கப் படித்தேன். எனக்குப் படிக்க வந்துவிட்டது, மாப்ள! அந்தச் சந்தோஷத்தோடேயே, ஆத்திரத்தில் இன்னொரு தரமும் படித்தேன்.

அவள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினாள். "அழிச்சுப்புடவா?"

"வேணாம் ஆத்தா. திங்கக்கிழமை அளக்க வாரானாம்ல? எழுதினவன் வாயாலயே தெருவுக்கு வாசிச்சுக் காட்டட்டும். அதுக்கப்புறம் எவன் வீட்டுல கை வைக்கிறான்னு பாப்போம்."

அன்றைக்குத் தெருவில் ஒருவரும் வேலைக்குப் போகப்போவதில்லை. நான் அந்தச் சுவரோரம் நிற்பேன். வாசித்தானா, வாயை மூடிக்கொண்டு திரும்பினானா என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.