இன்னும் மூன்று ஸ்டேஷன்

இன்று காலை தபால்காரர் என் புதுப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியிலிருந்து பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் இலங்கை முத்திரை ஒன்றுதான். அந்தப் பக்கம் நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது. நனைந்தது உன்னால்தான். அதனால் உனக்கே எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்துதான்; ஆனாலும் இரண்டு பாஸ்போர்ட்டிலும் கைநாட்டு இல்லை, என் கையெழுத்து.

நம் மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. உப்பளத்திலேயே வயதைக் கழித்த நாம் ரயில் ஏறியதே கடல் தாண்டிப் போய்த்தான். நீ கைக்குழந்தையாக ஏறியது கணக்கில் சேராது. பண்டாரவளையில் உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் தாயைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு இந்தியாவுக்கு வண்டி ஏறினாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்களைத் திருப்பி அனுப்பிய காலம் அது. சாகும்வரை அவளால் திரும்பிப் போக முடியவில்லை. "எங்கம்மாவுக்காக அந்த பிளாட்பாரத்துல ஒரு வாட்டி நிக்கணும்டி" என்று பாத்தியில் உப்பு வாரும்போதெல்லாம் சொல்வாய்.

நம்மோடு ஐந்தாம் வகுப்பில் படித்து, கோட்டக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட நூர்ஜகான்தான் ஏற்பாடெல்லாம் செய்தாள். துபாய் போய் வந்தவள் என்று அவளுக்கு ஒரு அதிகாரம். பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அவள் பையில்.

பண்டாரவளை போகும் ரயிலில் ஜன்னலோரம் உனக்கு. வெளியே மலை மலையாகப் பச்சை. கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்து, "இவங்களுக்கும் நம்மள மாதிரி முதுகு நோவும்டி" என்றாய். கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கியது. வண்டியில் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். உன் முகம் மட்டும் கறுத்துப்போனது.

ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக நின்றோம். பிளாட்பாரக் கோடியில் வெள்ளை வெளேரென்று ஒரு குவியல். பக்கத்தில் சுருட்டிய தார்ப்பாய். முதல் துளி கூரையில் விழுந்ததுதான் தாமதம், நீ செருப்பில்லாமல் இறங்கி ஓடினாய்.

"நனையுதுடி! வந்து ஒரு முனைய புடி!"

உன்னைத் தடுத்திருக்க வேண்டியவள் நான். ஓடிவந்து முனையைப் பிடித்தேன். இழுத்து மூடி, நாலு பக்கமும் கல் வைத்து நிமிர்ந்தால், வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது.

"அடி பைத்தியங்களா! பாஸ்போர்ட்டு எங்கிட்டடி!" நூர்ஜகானின் தலை ஜன்னலோடு போனது.

ஸ்டேஷன்காரர் குடையோடு வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார். "அம்மா, இது ஜல்லிக்கல்லுதானே. மழைக்குக் கரையாதே."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ நிதானமாகச் சொன்னாய்: "இருக்கட்டும் சார். கரையாத குவியல நாங்க எங்க கண்டோம்?" அவர் சிரித்துவிட்டு நமக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பையோடு தொப்பலாக வந்து நின்றாள் நூர்ஜகான். "உப்பளத்தையே மூட்ட கட்டி எடுத்துக்கினு வந்துட்டாளுங்க!" என்று அவள் திட்டி முடிப்பதற்குள் சேதி வந்தது. மேலே மண் சரிந்து ரயிலும் ரோடும் அடைபட்டுவிட்டன. மறுநாள் நமக்கு விமானம். நீ பிளாட்பார முனையில் நின்று தண்டவாளத்தையே பார்த்தாய். அழவில்லை. "மூணே ஸ்டேஷன்தான்டி. அடுத்த வருஷம் வரலாம்."

அந்த அடுத்த வருஷத்துக்கு உன் முட்டிவலி குறுக்கே வந்தது, பிறகு கொரோனா வந்தது, உன் மகன் கல்யாணம் வந்தது. போன மாசியில் நீயே போய்விட்டாய்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது என் மகன் கேட்டான்: "அவங்களே இல்ல, நீ எதுக்கும்மா போற?"

"அவ இல்லன்றதாலதான்டா போறேன்" என்றேன்.

நூர்ஜகானும் வருகிறாள். "பை எங்கிட்ட இருக்கட்டும், வழியில எறங்குன, அவ்ளோதான்" என்று போனில் இப்போதே மிரட்டுகிறாள். இந்த வருஷம் உப்பு வாரி முடிந்ததும் கிளம்புகிறோம். பண்டாரவளைப் பிளாட்பாரத்தில் உன் அம்மாவுக்காக நிற்பேன், உனக்காகவும் நிற்பேன்.

வழியில் மழை பிடித்து, எங்கேயாவது வெள்ளையாக ஒரு குவியல் திறந்து கிடந்தால், கல்லா உப்பா என்று பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. இறங்குவேன். மூடிவிட்டு அடுத்த வண்டியில் ஏறுவேன். ஆனால் இந்த முறை என் பாஸ்போர்ட் நூர்ஜகான் பையில் இருக்காது. என் மடியில் முடிந்திருப்பேன்.