என் தாளில் ரித்திகாவின் கூட்டம்

18-1-99, திங்கள்
திருமலைசாமி அண்ணனின் கல்யாணத் தகவல் மையத்துக்கு வெப் பக்கம் முடித்தேன். அறுபது பெண்கள், ஒரே நீளப் பக்கத்தில். அறுபத்தொன்றாவதாக என்னையும் சேர்க்கச் சொல்லிவிட்டார் அப்பா. என் விவரத்தை நானே டைப் அடித்தேன். பிழை இல்லை.

24-1-99
உடுமலைப்பேட்டையில் இருந்து என்னைக் கேட்கிறார்களாம். ஒரே பையன். "தோப்பு இருக்குதுங்க, பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேண்டாமுங்க" என்றார்களாம். அப்பாவுக்குச் சம்மதம். எனக்கு? இந்த வெப் பக்க வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. விட மனமில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. பயம்தான், வேறென்ன.

29-1-99
உடுமலைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மையத்தில் அச்சடித்துக் கொடுத்த என் தாளைப் பார்த்துவிட்டு, "நம்ம செம்பன் கூட்டமுங்க. பங்காளி ஊட்டுப் புள்ளையாச்சுங்களே" என்றார்களாம். நாங்களோ தூரன் கூட்டம், வேறு குலம்; ஒரே குலத்துக்குள்தான் கட்ட மாட்டார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

30-1-99
தாளை வாங்கிப் பார்த்தேன். திரையில் எல்லாம் சரி, அச்சில்தான் வினை. எனக்கு முன்னால் இருக்கும் ரித்திகா நிறையப் படித்தவள், வரிகள் அதிகம். அவளுடைய கடைசி வரி தாளில் அடங்காமல் என் தாளின் உச்சியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரிதான் கூட்டம். அவள் செம்பன். என் கடைசி வரி, வேறொன்றும் இல்லாத தனித் தாளில். அதில் திருமலைசாமி அண்ணன் போண்டா மடித்திருக்கிறார்.

பக்கம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி போதும்: ஒவ்வொரு பெண்ணுக்கு முன்பும் புதுத் தாள். போட்டோவைக் கொஞ்சம் சிறிதாக்கினால் ஒருத்திக்கு ஒரு தாள்.

போடவில்லை.

4-2-99
இன்றும் போடவில்லை.

9-2-99
ரித்திகாவின் அம்மா பாவாத்தாள் அக்கா மேட்டுப்பாளையத்தில் இருந்து பஸ் ஏறி என் ஆபீசுக்கே வந்துவிட்டார். கையில் மகளின் தாள். "ஏனுங்க அம்மணி, புள்ளைக்குக் கூட்டமே இல்லீங்களான்னு கேக்கறாங்க. ரெண்டு எடம் போயிருச்சுங்க." குரல் உயரவில்லை. திட்டியிருக்கலாம்.

அவர் எதிரிலேயே அந்த வரியைப் போட்டு, போட்டோக்களையும் சிறிதாக்கினேன். என் கம்ப்யூட்டரில் இருந்த பிரௌசர் அந்த வரியைக் கண்டுகொள்ளவில்லை. திருமலைசாமி அண்ணனின் மையத்தில் அச்சடித்தபோது அங்கிருந்த பிரௌசர் கேட்டுக்கொண்டது. ரித்திகா ஒரு தாள், நான் ஒரு தாள். என் தாளில் தூரன் என்று தெளிவாக இருந்தது.

10-2-99
திருத்திய தாளைப் பார்த்துவிட்டு உடுமலைக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன் — வேலையை விட முடியாது, பிழை தெரிந்தும் பத்து நாள் சும்மா இருந்தேன் என்று. அப்பா சொன்னது இதுதான்:

"எங்கிட்டச் சொல்லப் பயந்துட்டு, அடுத்த ஊட்டுப் புள்ளையக் கெடுக்கப் பாத்தியே கண்ணு."

அழுதுபோட்டேன்.

12-2-99
அவர்கள் வரவில்லை. அப்பாவே போன் செய்து வர வேண்டாம் என்றிருக்கிறார்.

21-3-99
ரித்திகாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை போத்தனூர். அழைத்திருக்கிறார்கள்.

அப்பா என் தாளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "திருமணத்துக்குப் பின்னும் வேலைக்குப் போவாள்." கூட்டத்துக்கு மேலே சேர்த்தேன். கூட்டம் மறுபடி அடுத்த தாளுக்குப் போய்விட்டது. போட்டோவை இன்னும் சிறிதாக்கினேன். முகம் அவ்வளவாகத் தெரியவில்லை. பரவாயில்லை.