நான் அழித்த ‘இருக்கேன்’

நேற்று உன் தம்பி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். “அக்கா பீரோவுல இருந்துச்சுங்க. கம்ப்யூட்டர் சமாச்சாரமாட்ட இருக்குது, எங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க. நீங்க பாருங்க” என்றார். உள்ளே பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தேன், பாச்சை உருண்டை வாசம் அடித்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன் வீட்டில் வந்து எல்லோரோடும் உட்கார்ந்து அழுதவள்தான், ஆனால் இந்த நோட்டைப் பார்க்கத்தான் பயம் வந்தது.

பீளமேட்டில் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் பாடம் எடுத்த காலம். தொண்ணூறுகளின் கடைசி. வகுப்பு இல்லாத நேரத்தில் நீ தனியாளாக ஒரு ரேக்ளா பந்தய விளையாட்டை எழுதினாய். நான்கு கம்ப்யூட்டரில் நான்கு பேர் வண்டி ஓட்டுவார்கள். எந்த வண்டி எங்கே போகிறது, எந்தக் காளை களைத்துவிட்டது என்பதையெல்லாம் மூலையில் இருந்த ஐந்தாவது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதுதான் சர்வர்.

அதை நிறுத்துவதில்தான் வம்பு. நிறுத்தச் சொன்னால் ஒரு நொடியில் திரை காலியாகிவிடும். ஆனால் உள்ளே ஒவ்வொரு காளையையும் ஒவ்வொரு பாதையையும் டிஸ்கில் எழுதிக்கொண்டேயிருக்கும். சில நாள் ஐந்து நிமிடம்கூட ஆகும். “வாரேனுங்கன்னு சொன்னவொடனே நம்மூர்ல யாராச்சும் கெளம்பியிருக்காங்களா அம்மணி? வாசல்ல நின்னு அரை மணி நேரம் பேசிப்போட்டுத்தானே போவாங்க” என்று சிரிப்பாய்.

அதற்கு ஒரு ஏற்பாடும் வைத்திருந்தாய். ஓட ஆரம்பித்ததும் சர்வர் ‘இருக்கேன்’ என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைலை உண்டாக்கும். எல்லாம் எழுதி முடித்தபின், கடைசி வேலையாக அதை அழித்துவிட்டுப் போகும். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று பார்த்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். தினமும் சாயங்காலம் மிஷின் முன்னால் உட்கார்ந்து, “ஏனுங்க, கெளம்பியாச்சுங்களா?” என்று கேட்பாய். என்னை ஒரு நாளும் ‘ங்க’ போட்டுக் கூப்பிடாதவள், அந்த டப்பாவுக்கு அத்தனை மரியாதை!

அந்தச் சனிக்கிழமை உனக்குப் பல்வலி. திங்கட்கிழமை மில்காரர் ஒருவர் விளையாட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் மில்லின் பழைய ஆபீஸ் அறையைக் கொடுத்து, நாம் இருவரும் சொந்தமாகக் கம்பெனி தொடங்க உதவுவதாகச் சொல்லியிருந்தார். “ஃபைல் போனதப் பாத்துப்போட்டு ஆஃப் பண்ணு” என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் கிளம்பினாய்.

நிறுத்தினேன். திரை காலியானது. பட்டியலைப் பார்த்தேன், ‘இருக்கேன்’ இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன், அப்போதும் இருந்தது. அன்னூர் பஸ் வரும் நேரம். அதை விட்டால் அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று எத்தனையோ முறை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

திங்கட்கிழமை உனக்கு முன்னால் வந்து மிஷினைப் போட்டேன், சர்வரை இன்னும் ஓட்டவில்லை. ‘இருக்கேன்’ அப்படியே இருந்தது. நீ பார்த்தால் பாதியில் அணைத்தது தெரிந்துவிடும். அதை அழித்தேன்.

மில்காரர் வந்து உட்கார்ந்தபோது உன் பாதைகள் துண்டு துண்டாகக் கிடந்தன, பாதிக் காளைகளைக் காணோம். “பரவால்லீங்க அம்மணி, சரியானதும் சொல்லி உடுங்க” என்று காபியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். நீ என் பக்கம் திரும்பினாய்.

“ஃபைல் போனதப் பாத்தியா?”

“பாத்துப்போட்டுத்தான் ஆஃப் பண்ணுனேன்.”

நீ மறுபடி கேட்கவில்லை. ஃபைலும் போய், எழுதும் வேலையும் முடியவில்லை என்றால் தப்பு உன் புரோகிராமில்தான் என்று முடிவு செய்தாய். நான்கு மாதம் தேடினாய். பழைய ஃப்ளாப்பியிலிருந்து எடுத்து ஓட்டியபோது விளையாட்டு நன்றாகவே ஓடியது. மில்காரருக்குச் சொல்லியனுப்பு என்று வெட்கமில்லாமல் நானே சொன்னேன். “ஏன் கெட்டுச்சுன்னு தெரியாம இன்னொருத்தர் கையில எப்படிக் குடுக்கறது?” என்றாய். கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் கம்பெனிக்கு டைப் அடிக்கப் போனாய். அதற்குப் பிறகு ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எத்தனை இடத்தில் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்து, சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இன்று காலை நோட்டை முதலிலிருந்து படித்தேன். முதல் பக்கத்தில், எங்கெங்கே தேட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். முதல் வரி, ‘எழுதி முடிவதற்குள் அணைத்திருந்தால்?’ அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக, ‘இல்லை. அவள் பார்த்தாள்’ என்று எழுதியிருக்கிறாய்.

மீதி எண்பது பக்கமும் அந்த ஒரு கோட்டை நம்பி நீ தேடியதுதான்.

உன் புரோகிராமில் தப்பே இல்லை, அம்மணி. இதைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கும் மேல் நேரம் இருந்தது. இப்போது உன் வரிக்குக் கீழே என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ‘பார்த்தேன். இருந்தது. அணைத்தேன்.’