விசாரிக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டுவிட்டு மளமளவென்று அடுத்த வரிக்குப் போய்விடுவது என் வழக்கம், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், நீ சௌக்கியமா? அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய்தான் ஓயவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தில் உனக்கு ஆலோசகர் பதவி வரப்போகிறது, யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயல்லவா, முடிவெட்டுகிறவரிடம் மட்டும்தான் சொன்னாராம். அதற்குத் தண்டோராவே போட்டிருக்கலாம்.

சங்கதிக்கு வருகிறேன். போன வாரம் உன்னைப் பற்றி விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரகசியக் கோப்புகளைப் பார்க்கிற வேலை என்றால் பெற்றவர்களையும் விசாரிப்பார்கள் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய், அதனால் சோபா உறையெல்லாம் மாற்றி வைத்திருந்தேன். சின்ன வயசுதான், மழையில் நனைந்து வந்தார், துண்டு கொடுத்தேன். எங்களைத் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். முதலில் அப்பா போனார். போர்நிறுத்த ஒப்பந்தங்கள் ஏன் முறிகின்றன என்று நீ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியது, புத்தகம் எழுதியது, அதைப் படித்துவிட்டு அரசாங்கமே உன்னைச் சமாதானப் பேச்சுக்கு அழைத்துப் போனது, அது முடிந்து மறுபடி மாணவர்கள் முன்னால் போய் நின்றது, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். பிறகு நான் போனேன். உனக்குக் குடிப்பழக்கம் உண்டா, வெளிநாட்டில் யாரோடு நட்பு என்றெல்லாம் கேட்டார். டக் டக்கென்று பதில் சொன்னேன், என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிர்தான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மூணு வருஷத்துக்கு முன்னாடி வயித்துல அஞ்சு மாசக் குழந்தை தவறிப்போனதுக்கப்புறம் அவங்க ரொம்ப நாள் லீவுல இருந்தாங்களே, இப்ப மனசளவுல நல்லா இருக்காங்களா, நீங்கதானே கூட இருந்து பார்த்துக்கிட்டீங்க என்று கேட்டார்.

எனக்குக் காது அடைத்துப்போயிற்று பாப்பா. ஆமாம், நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். பெற்றவளுக்கே தெரியாது என்றால் உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், முன்பின் தெரியாத மனிதருக்கு முன்னால் விட்டுக்கொடுக்க முடியாத வீம்பு ஒரு பக்கம். அவரும் அதை எழுதிக்கொண்டார். வாசலில் நின்று அவர் குடையை விரிக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே ஓடி, தம்பி, நான் சொன்னது பொய், இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும் என்றேன். அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போய்விட்டது. அம்மா, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன், நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது, மன்னிச்சிருங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதியதை என் கண் முன்னாலேயே அடித்தார். இதனால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார், அதை நினைத்து நீ கவலைப்படாதே.

புத்தகத்துக்காக எல்லைப் பகுதிக்கு ஆய்வுக்குப் போகிறேன், அங்கே போன் எடுக்காது என்றல்லவா அப்போது சொன்னாய்? எல்லையில் சண்டை என்று செய்தி வரும்போதெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நீயோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்கிறாய். வயிற்றில் பிள்ளை என்பதையே சொல்லவில்லையே, நேரில் வந்து சொல்லி எங்களை அசத்தலாம் என்று இருந்தாயோ என்னவோ. அப்பாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது, அதனால்தான் மறைத்தாய் என்று புத்திக்குப் புரிகிறது, மனசுக்குப் புரியமாட்டேன் என்கிறது. அடுத்த வருஷம் நீயும் மாப்பிள்ளையும் பிரிந்தபோதுகூட உன் ஓயாத பயணம்தான் காரணம் என்று நினைத்தேன். பிரசவ வார்டில் நர்ஸாகவே காலத்தை ஓட்டினவள் நான். இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனை பெண்களுக்கு, மார்பில் பால் கட்டி ஜுரம் வரும்போது, ஐஸ் ஒத்தடம் கொடுத்துத் தலையைக் கோதிவிட்டிருக்கிறேன். என் பெண்ணுக்கு யாரோ ஒரு நர்ஸ். உனக்கும் பால் கட்டிக்கொண்டதா? யார் பார்த்தார்கள்? வாய்விட்டு அழுதாயா, இல்லை உன் வழக்கப்படி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாயா? உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இருக்கிறது, ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வருகிறது. நாட்டு ரகசியத்தை எல்லாம் காப்பாற்று, அது உன் வேலை. அம்மாவிடம் எதற்கடி ரகசியம்?

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார், சொட்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். போனில் பேசினால் நாலு பேர் கேட்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதனால்தான் கடிதம். இதையும் யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்றால் படிக்கட்டும், அவர்களுக்கும் அம்மா இருப்பாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதவி வந்தாலும் வராவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் மனசு ஆற வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. ஆணா, பெண்ணா? அந்தத் தம்பியிடம் கேட்டிருந்தால் கோப்பைப் புரட்டிச் சொல்லியிருப்பார். வாய் வரை வந்தது, கேட்கவில்லை. என் பேரப்பிள்ளையைப் பற்றி நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா